முன்கூட்டியே முடித்தவள்

ஜூன் 10

பள்ளி திறந்தது. நூலக வருகைப் பதிவேட்டில் சென்ற ஆண்டு மொத்தம் பதினேழு கையெழுத்து. அவற்றில் ஒன்பது, மின்விசிறி பழுது பார்க்க வந்தவருடையவை. கெட்டி அட்டை, கோடு போட்ட நல்ல தாள். வீணாகக் கூடாது என்று பின்பக்கத்திலிருந்து என் குறிப்புகளை எழுதத் தொடங்குகிறேன். வருகையாளர்கள் முன்னாலிருந்து வரட்டும், நான் பின்னாலிருந்து வருகிறேன். நடுவில் சந்தித்துக்கொள்ளும் அபாயம் இல்லை.

ஜூன் 14

பிரின்சிபால் கூப்பிட்டார்.

எங்கள் பள்ளியின் முறையை இங்கே எழுதி வைப்பது நல்லது. ஒன்பதாம் வகுப்பில் பத்தாம் வகுப்புப் பாடம் நடக்கும். பத்தில் பதினொன்று. பதினொன்றில் பன்னிரண்டு. எந்த வகுப்பிலும் அந்த வகுப்பின் பாடம் நடப்பதில்லை. இதனால் பன்னிரண்டாம் வகுப்பு மட்டும் நெடுநாளாகச் செய்வதறியாமல் பழைய பாடத்தையே திருப்பிக்கொண்டிருந்தது. இந்த ஆண்டு அதற்கும் வழி பிறந்துவிட்டது. ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம் பள்ளி மாணவர்களுக்கே கல்லூரி முதலாண்டுப் பாடங்களை இணையத்தில் நடத்துமாம். பத்துத் தாள், தாளுக்கு நான்கு கிரெடிட். நாற்பது சேர்த்தால், பிளஸ் டூ முடித்ததும் நேராகப் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஓராண்டு மிச்சம்.

"உங்க ரூம்ல நாலு கம்ப்யூட்டர் இருக்குல்ல மேடம்? அப்ப நீங்கதான் ஒருங்கிணைப்பாளர்" என்றார்.

இரண்டு ஓடாது என்றேன்.

"அப்ப நீங்க ஓடுங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பதினோரு ஆண்டாகத் தற்காலிகப் பணியில் இருப்பவர்கள் எல்லா நகைச்சுவைக்கும் சிரிப்பார்கள்.

ஜூலை 3

நாற்பத்து மூன்று பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஆளுக்கு இரண்டு புகைப்படம்: ஒன்று பல்கலைக்கழகப் படிவத்தில் ஒட்ட, ஒன்று எங்கள் கோப்புக்கு. நாற்பத்திரண்டு பேர் கணினி அறிவியல் எடுத்திருக்கிறார்கள். ஒருத்தி மட்டும் நிலவியல். தரணிகா, பன்னிரண்டு சி பிரிவு.

ஏன் நிலவியல் என்று கேட்டேன்.

"எங்கப்பாகிட்ட ரெண்டு போர்வெல் வண்டி இருக்குங்க மிஸ். எங்க போட்டா தண்ணி வரும்னு ஒருத்தர் உள்ளங்கைல தேங்காய வெச்சுக்கிட்டுத் தோட்டம் பூரா நடப்பாரு. தேங்கா எந்திரிச்சு நின்னா அங்க போடுவாங்க. கீழ இருக்கற பாறைய ஒருத்தரும் பாக்கறதில்லீங்க."

"தேங்காய்க்கு எப்படித் தெரியுமாம்?"

"டிகிரி முடிச்சிருக்குமாட்ட இருக்குது மிஸ்."

நூலகத்தில் நான் சத்தமாகச் சிரித்தது இதுவே முதல்முறை. அமைதி காக்கவும் என்ற பலகை என் தலைக்கு மேல்தான் இருக்கிறது.

பிறகு அவளே சொன்னாள். ஜாதகப்படி இருபது வயதுக்குள் கல்யாணம் ஆக வேண்டும். தவறினால் இருபத்தேழுக்கு மேல்தானாம். சங்ககிரியில் ஓர் இடம் ஏறக்குறையப் பேசி முடித்தாகிவிட்டது. அவர்கள் காலேஜுக்குப் போன பெண்தான் வேண்டும் என்கிறார்கள். அதனால் அப்பா இரண்டு வருடம் காலேஜ் அனுப்பச் சம்மதித்திருக்கிறார். பட்டப்படிப்போ மூன்று வருடம்.

"முதல் வருசத்த இங்கயே முடிச்சுட்டா மிச்ச ரெண்டு வருசத்துல டிகிரி கைக்கு வந்துரும் மிஸ். கோயமுத்தூர்ல ஒரு லேடீஸ் காலேஜ்ல இந்தக் கிரெடிட்ட ஒத்துக்கறாங்க. போன் பண்ணிக் கேட்டுட்டேன். டிகிரி வாங்கிட்டா அப்புறம் கண்ணாலத்துக்கு நானே பொறப்பட்டு வந்து நிப்பேன். முடிக்காம மட்டும் போக மாட்டேன்."

படிவத்தில் அம்மா கையெழுத்துப் போட்டிருக்கிறார். கம்ப்யூட்டர் கோச்சிங் என்று சொல்லியிருக்கிறாள்.

"அப்பாவுக்குத் தெரிய வேண்டாங்க மிஸ். தெரிஞ்சா அவரு ஒரு கணக்குப் போடுவாரு."

சொல்ல மாட்டேன் என்றேன். என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை என்பதால் இது எளிய வாக்குறுதி.

படமும் இரண்டே பிரதிதான் எடுத்திருக்கிறாள், பஸ் ஸ்டாண்ட் ஸ்டுடியோவில். "போன்ல வெச்சிருந்தா அப்பா பாத்துட்டு எதுக்குன்னு கேப்பாரு." ஒன்றைப் படிவத்தில் ஒட்டினேன்; அது பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும். மற்றதைக் கோப்பில் போடாமல், அவள் பார்க்கவே, பேரகராதியின் மூன்றாம் தொகுதிக்குள் வைத்தேன். பதினோரு ஆண்டில் அதை யாரும் திறந்ததில்லை. இந்த வளாகத்திலேயே பாதுகாப்பான இடம் அதுதான்.

ஜூலை 22

நிலவியலுக்கு நூலகத்தில் ஒரே ஒரு புத்தகம் இருக்கிறது. திருப்பித் தர வேண்டிய தேதி குறிக்கும் சீட்டு, வாங்கியபோது இருந்த வெண்மையோடு இருந்தது. தரணிகாவிடம் கொடுத்தேன். முத்திரையில் மை காய்ந்துவிட்டதால் தேதியைக் கையால் எழுதினேன்.

ஆகஸ்ட் 19

முதல் தேர்வு. கணினியின் கேமரா மாணவரையே பார்த்துக்கொண்டிருக்குமாம். மாணவர் வேறு பக்கம் பார்த்தால் எச்சரிக்கை, மூன்று எச்சரிக்கைக்குத் தாள் ரத்து. பிரின்சிபாலுக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போய், எல்லா வகுப்புக்கும் வைக்க முடியுமா என்று கேட்டார்.

இரண்டு கணினிதான் ஓடுகிறது. நாற்பத்து மூன்று பேரையும் எழுதவைக்க ஆறு நாள் ஆகும். இடையில் மின்வெட்டு. ஜெனரேட்டர் தாளாளர் அறைக்கு மட்டும்.

செப்டம்பர் 26

நூல்களில் வெள்ளிப்பூச்சி. கற்பூரம் வாங்கி வைத்தேன்.

நவம்பர் 8

நாற்பத்து மூன்று பேர் ஒன்பது பேராகிவிட்டார்கள். மருத்துவ நுழைவுத் தேர்வுப் பயிற்சி, பொறியியல் பயிற்சி, பிளஸ் டூ மாதிரித் தேர்வு, வாராந்திரத் தேர்வு, அதற்கான முன்தேர்வு. முன்கூட்டியே முடிக்க வேண்டியவை இத்தனை இருப்பதால் இதை முன்கூட்டியே விட்டுவிட்டார்கள்.

தரணிகா ஐந்து தாள் முடித்துவிட்டாள். மதியம் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸோடு வந்து உட்காருகிறாள். நூலகத்தில் சாப்பிடக் கூடாது. நான் எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து என் டிபனைச் சாப்பிடுகிறேன்.

டிசம்பர் 11

பிரின்சிபால் ஒன்பதைக் கேட்டு முகம் சுளித்தார்.

"ஒருத்தராவது முடிச்சுக் காட்டணும் மேடம். அடுத்த வருஷ அட்மிஷனுக்கு நம்மகிட்ட வேற புதுசா எதுவும் இல்ல. ஒருத்தர் முடிச்சாலும் போதும், உங்க பெர்மனன்ட் ஃபைலை நான் தாளாளர் டேபிள்ல வெச்சுருவேன்."

என் ஃபைல் எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

"ஃபைல் போடணும்" என்றார்.

ஜனவரி 20

மூன்று பேர்.

ஜனவரி 31

ஒருத்தி.

இன்று தொடர்பாடல் திறன் என்ற தாளுக்குக் குழு விவாதம். ஐந்து பேர் கொண்ட குழு கட்டாயம். மற்ற நால்வரும் விலகிவிட்டதைப் பல்கலைக்கழகம் ஒத்துக்கொள்ளவில்லை; அட்டவணையில் பெயர் இருக்கிறதாம். திரையில் நான்கு கறுப்புக் கட்டங்கள், ஒரு தரணிகா. தலைப்பு, இளைஞர்களும் கூட்டு முயற்சியும்.

இருபது நிமிடம் பேசினாள். கறுப்புக் கட்டங்களைப் பார்த்து, "நீங்கள் சொன்னது சரி, ஆனால்" என்று நயமாக மறுத்தாள். ஒரு கட்டத்துக்குப் பேச வாய்ப்பளித்து அரை நிமிடம் காத்திருந்தாள். மதிப்பெண் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு. எட்டு குறைந்ததற்குக் காரணம், குழுவின் பங்கேற்பு போதவில்லை.

பிப்ரவரி 17

ஒன்பதாவது தாளும் முடிந்தது. போகும்போது கதவருகே நின்றாள்.

"மிஸ், முடிச்சாப் பேனர் கீனர் வெக்காமப் பாத்துக்கோங்க. எங்கப்பா வண்டி தெனம் இந்த ரோட்லதான் போகும்."

ஒரே ஒருத்திக்காக யார் பேனர் வைக்கப்போகிறார்கள் என்றேன்.

மார்ச் 27

பிளஸ் டூ தேர்வு முடிந்த மறுநாளே கடைசித் தாளையும் எழுதினாள். பாறைகளும் தாதுக்களும். கேமரா ஒரே ஒரு எச்சரிக்கை கொடுத்தது. சிரித்தாளாம்.

ஏப்ரல் 2

தரணிகாவுக்குப் பதினெட்டு நிறைந்தது. பேனா வாங்கிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 11

முடிவு வந்துவிட்டது. நாற்பதுக்கு நாற்பது கிரெடிட். சான்றிதழில் பல்கலைக்கழகத்தின் பொன்னிற முத்திரை. கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி: இக்கிரெடிட்டுகள் ஏழு ஆண்டுகளுக்குச் செல்லும். தரணிகாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். அந்தச் சிறிய வரியை மறுபடி படிக்கச் சொன்னாள். பிறகு, "மிஸ், கோயமுத்தூர்ல மே பதினஞ்சாந் தேதி அட்மிஷன்" என்றாள்.

பிரின்சிபாலிடம் சொல்ல வேண்டியது என் கடமை. சொன்னேன். எழுந்து நின்று கை கொடுத்தார். பதினோரு ஆண்டில் முதல்முறை. என் ஃபைல் இருக்கிறதாம். மேசைமேல் காட்டினார். பச்சை நிறம்.

ஏப்ரல் 12

வெயில் கடுமை. பேரகராதி மூன்றாம் தொகுதியைத் தூசி தட்டினேன்.

ஏப்ரல் 14

சித்திரை முதல் நாள். விடுமுறை. சேமியா பாயசம் வைத்தேன். சர்க்கரை கூடிவிட்டது.

ஏப்ரல் 16

பள்ளி வாசலில் இருபதுக்குப் பத்தடி பேனர். கல்லூரிக்குப் போகும் முன்பே கல்லூரி முதலாண்டை முடித்த எங்கள் மாணவி. பாஸ்போர்ட் அளவுப் படத்தை அவ்வளவு பெரிதாக்கியதில் முகம் சற்றுக் கலங்கியிருக்கிறது. ஆனாலும் ஆள் தெரிகிறது. தாளாளர் படம் அவளுடையதைவிடக் கொஞ்சம் பெரிது. வாசகம் குழுவாக முடிவு செய்யப்பட்டது. பேனர்காரர் அனுப்பிய மாதிரி எனக்கும் வாட்ஸப்பில் வந்திருந்தது. ஓகே என்று பதில் போட்டேன். அன்றைக்கு நிறைய வேலை.

படம் எங்கிருந்து கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 18

தரணிகாவின் அப்பா வந்தார். பெயர் பொங்கியண்ணன். வெள்ளை வேட்டி, சட்டை முழுக்கப் பாறைத் தூள். கையில் இரண்டு கிலோ மைசூர்பாகு. நூலக வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். பதினோரு ஆண்டில் அப்படிச் செய்த முதல் ஆள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடட்டுமா என்றும் கேட்டார். நான் பதிவேட்டை மேசைக்குள் வைத்துவிட்டேன்.

"ஏனுங் டீச்சர், ஒரு வார்த்தை சொல்லப்படாதுங்களா? எம்புள்ள காலேஜ் படிச்சத நான் ரோட்டுல பேனரப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கோணுமுங்களா? வண்டிய நிறுத்தி, எறங்கி நின்னு, அஞ்சு நிமிசம் பாத்தனுங். கண்ணுல தண்ணி வந்துருச்சு. எங்க வம்சத்துலயே காலேஜ் போன மொத ஆளுங் டீச்சர்."

முதலாண்டுதான் முடித்திருக்கிறாள், இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறது என்றேன்.

"இருக்கட்டுங். மாப்பிள்ள ஊட்ல காலேஜ் போன புள்ளதான் வேணும்னாங்க. அதுக்காவத்தான் ரெண்டு வருசம்னு நானும் ஒத்துக்கிட்டது. நேத்து அந்தப் பேனரப் போட்டோ புடிச்சு அனுப்புனனுங். அவங்களுக்கு அவ்வளவு சந்தோசம். வைகாசிலயே வெச்சுக்கலாம்னுட்டாங்க."

அவள் பட்டம் வாங்கத்தான் இவ்வளவும் செய்தாள் என்றேன். அவர் கோபப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, வாடிக்கையாளருக்கு விளக்குவதுபோல் பொறுமையாகச் சொன்னார்.

"இப்பப் பாருங் டீச்சர். ஆயரம் அடின்னு பேசித்தான் வண்டிய நிறுத்தறம். அறநூறுலயே தண்ணி பீச்சி அடிக்குதுன்னு வைங்க. மிச்ச நானூறு அடியும் ஓட்டியே தீருவேன்னு ஆராச்சும் நிப்பாங்களா? டீசலும் வீண், பாறையத் தொளைக்கற பிட்டும் வீண். தண்ணி வந்துருச்சுன்னா வண்டிய எடுத்தரோணும்."

 பிறகு எழுந்து மைசூர்பாகைப் பிரித்து என் கையில் ஒரு துண்டு வைத்தார்.

"நீங்க மட்டும் இல்லீன்னா இது நடந்திருக்காதுங் டீச்சர்" என்று கும்பிட்டார்.

மைசூர்பாகு நெய்யில் செய்தது.

ஏப்ரல் 20

மாவு அரைத்துக்கொண்டிருந்தபோது பொங்கியண்ணனுக்கான பதில் கிடைத்தது. தண்ணீர் வந்தது உங்களுக்குத்தான், அவளுக்கு இன்னும் வரவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நல்ல பதில். கிரைண்டரிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

ஏப்ரல் 25

பிரின்சிபாலிடம் பேசினேன். அப்பாவைக் கூப்பிட்டுப் பள்ளியின் சார்பில் எடுத்துச் சொல்ல முடியுமா என்று.

"அது அவங்க குடும்ப விஷயம் மேடம். நம்ம ரெக்கார்டுல அவ முடிச்சாச்சு."

இந்தப் பேச்சில் அவர் கை என் பச்சை ஃபைலின்மேல் இருந்தது. வேண்டுமென்று வைத்ததாக நான் நினைக்கவில்லை. மேசையில் வேறு இடம் இல்லை.

மே 4, ஞாயிறு

கோயம்புத்தூர்க் கல்லூரியின் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு பொங்கியண்ணன் வீட்டுக்கே போவது என்று முடிவு செய்திருந்தேன். கேஸ் சிலிண்டர் வருவதாகச் செய்தி வந்தது. வீட்டில் ஆள் இருக்க வேண்டும். மாலைவரை காத்திருந்தேன். சிலிண்டர் வரவில்லை. நானும் போகவில்லை.

மே 9

பிளஸ் டூ முடிவு. தரணிகா அறுநூற்றுக்கு ஐந்நூற்று எழுபத்தொன்று. பேனரில் தனியாக ஒரு தாள் ஒட்டி எண்ணைச் சேர்த்துவிட்டார்கள்.

மே 15

அட்மிஷன் நாள். மழை பெய்யவில்லை. பஸ்கள் ஓடின.

மே 19

மதிப்பெண் பட்டியல் வாங்க அம்மாவோடு வந்தாள். அம்மா அலுவலகத்தில் நிற்க, இவள் நூலகத்துக்கு வந்தாள். இளைத்திருக்கிறாள்.

"பேசிப் பாத்தேங்க மிஸ். அப்பா அழுதுட்டாரு. சத்தம் போட்டிருந்தா நானும் போட்டிருப்பேன். அழுதா என்ன பண்றதுன்னு தெரியல."

இப்போது நீ பதினெட்டு வயது முடிந்தவள், சட்டப்படி உன் விருப்பம் என்றேன். என் குரல் எனக்கே சுற்றறிக்கை படிப்பதுபோல் கேட்டது.

"சட்டப்படிதாங்க மிஸ் வெச்சிருக்காங்க. பதினெட்டு முடியட்டும்னு காத்துக்கிட்டிருந்து வெச்சிருக்காங்க."

மாப்பிள்ளை வீட்டில் படிக்க வைப்பார்களா என்று கேட்டேன்.

"வேண்டாம்னு சொல்லலையாம்."

"கேட்டார்களா?"

"கேக்கலையாம் மிஸ்."

மே 26

கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. பெண்ணின் பெயருக்குப் பின்னால் பி.எஸ்சி., நிலவியல் என்று அச்சிட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளையின் பெயருக்குப் பின்னால் பி.இ. என்று இருக்கிறது. அவருக்கு எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று தெரியவில்லை.

மே 30

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது வெளியே விட மாட்டார்களே என்றேன். "நூலகப் புத்தகம், அபராதம் போடுவாங்கன்னு சொன்னேன். அப்பாவே வண்டில கொண்டாந்து விட்டாரு." அவர் வெளியே நின்று பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புத்தகத்தின் ஓரங்களில் பென்சிலால் குறிப்புகள். அழிக்கட்டுமா என்று கேட்டாள். அழிக்க வேண்டாம் என்றேன்.

"மிஸ், கிரெடிட் ஏழு வருசம் இருக்கும்ல?"

இருக்கும் என்றேன்.

"ஏழு வருசம்னா இருபத்தஞ்சு." விரல்விட்டு எண்ணவில்லை. எப்போதோ எண்ணி முடித்த கணக்கு.

பிறகு, "அந்தப் போட்டோவ எடுத்துக்கறேங்க மிஸ்" என்று நேராகப் போய்ப் பேரகராதியின் மூன்றாம் தொகுதியை எடுத்தாள். மேசைமேல் வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். நான் தேதிச் சீட்டில், திரும்பி வந்தது என்று எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டே சொல் எழுதும் சிறிய வேலை, முடியவே இல்லை. அவள் தொகுதியை மூடி, இருந்த இடத்திலேயே, இருந்தபடியே வைத்தாள்.

"ஆபீஸ்ல இருக்கும்" என்றேன்.

"ரெண்டுதாங்க மிஸ் எடுத்தது" என்றாள். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். கேமரா முன்னால் உட்கார்ந்து பழகிய பார்வை. அப்படி இப்படி நகரவில்லை.

"சரிங்க மிஸ். கல்யாணத்துக்கு வந்துருங்க."

ஜூன் 2

பணி நிரந்தர ஆணை கைக்கு வந்தது. என் பெயரை வேதநாயகம் என்று அடித்திருக்கிறார்கள். வேதநாயகி என்று திருத்தித் தருவார்களாம்.

ஜூன் 6

கல்யாணத்துக்குப் போனேன். பொங்கியண்ணன் பிரின்சிபாலிடம் கேட்டு வாங்கிப் பள்ளி பேனரை மண்டப வாசலில் கட்டியிருந்தார். அதன் கீழாகத்தான் எல்லோரும் உள்ளே போனோம். மேடையில் தரணிகா நான் கை கொடுத்தபோது மாப்பிள்ளையிடம், "எங்க லைப்ரரி மிஸ்" என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை. மாப்பிள்ளை நல்ல மாதிரியாகத்தான் தெரிந்தார். அவள் படித்தது என்ன பாடம் என்று அவளிடமே கேட்டார். பத்திரிகையைப் படிக்கவில்லை போலும்.

சாப்பாட்டில் இரண்டு இனிப்பு.

ஜூன் 7

பேனர் பத்திரமாகத் திரும்பி வந்தது. இரவல் பொருளை மறுநாளே திருப்பித் தரும் குடும்பம்.

ஜூன் 9

பள்ளி திறந்தது. மழை வரும் என்று காவலாளி சைக்கிள் நிறுத்தத்தின் ஓட்டைக் கூரைக்குப் பேனரைப் போட்டுக் கட்டிவிட்டார். அச்சுப் பக்கம் உள்ளே, வெள்ளைப் பக்கம் வெளியே. சைக்கிள்களுக்கு நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரிகிறாள்.

ஜூன் 12

இந்த ஆண்டு நூற்றுப் பதினெட்டு பேர் கிரெடிட் திட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பேனரைப் பார்த்துத்தான் வந்தார்கள் என்று பிரின்சிபாலுக்கு மகிழ்ச்சி. அவர்களில் எழுபது பெண்கள். நூலகத்துக்கு நான்கு புதுக் கணினி. சென்ற ஆண்டுச் சுற்றறிக்கையையே தேதி மாற்றி அனுப்பச் சொன்னார்.

தேதியை மாற்றினேன். இன்னும் ஒரு திருத்தமும் செய்தேன். ஆளுக்கு ஒரு புகைப்படம் போதும்.